சங்கு ஊதினால் மருந்து

தாவீது,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியைத் தவிர.

அவளுக்கு எழுத்து தெரியாது. என் குரல் தெரியும். வாசித்து முடித்துக் காகிதத்தை மடிக்கும்போது, முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நடுவுல ஒரு எடத்துல நின்னீங்களே. அங்க இன்னா எழுதிக்கீறான்?"

ஒன்றுமில்லை, எழுத்து கலைந்திருந்தது என்றேன்.

"அச்சாபீஸ்ல வேல செய்யறவன் எழுத்தா கலைஞ்சிச்சி?"

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அந்த வரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கல்யாணத்தன்று மட்டும் அம்மாவுக்கு மருந்தை இரண்டு பங்காகக் கொடுத்துவிடுங்கள் அப்பா, வலிப்பு விஷயம் எஸ்தர் வீட்டாருக்கு இன்னும் தெரியாது.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. பயந்தவன் எழுதுகிற வரி அது. படித்த உடனே தெரிந்தது, ஏனென்றால் அதே மாதிரி யோசனைகள் எனக்கும் நிறைய வந்திருக்கின்றன. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெங்களூர் கண்டோன்மென்டில் நாலு பேர் மதிக்கிற குடும்பம். கோயிலில் பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் தாய் தரையில் விழுந்து வாயில் நுரை தள்ளினால் என்ன ஆகும் என்று நீ நினைத்துப் பார்த்திருக்கிறாய். நானும் பார்த்தேன். நேற்று சுரங்கத்துக்குள் இருந்தபோதும் அதே நினைப்பு. மேல் பாறை இறங்காமல் மரம் கொடுத்து நிறுத்துகிறவன் கையில் இருக்கிற மரத்தை நினைக்க வேண்டும். நான் கோயிலின் முதல் பெஞ்சை நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் அவள் எந்த ஓரத்தில் உட்காருவாள், எந்தப் பக்கம் சாய்வாள், தரை கல்லா மரமா.

பதில் எழுதுவதற்கு முன் உனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். நீ புருஷனாகப் போகிறாய் என்பதால் சொல்கிறேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

அம்மாவின் முன்பல் ஏன் உடைந்திருக்கிறது என்று சின்ன வயதில் ஒரு தடவை என்னைக் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்து லைன் வீடுகளில் ஆண்கள் பெண்டாட்டியை அடிப்பதை நீ பார்த்திருந்தாய். அதற்குப் பிறகு கொஞ்ச காலம், நான் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து உட்காருவாய். நீ எதை நினைக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பல்லைச் சொன்னால் வலிப்பைச் சொல்ல வேண்டும். வலிப்பைச் சொன்னால் நீ உன்னையே பயந்து பார்த்துக்கொள்வாய் என்று தோன்றியது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கத்தில் உன் விரல் அசைந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பயத்தை உன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வலிப்பைப் பிறகு நீயே பார்த்துத் தெரிந்துகொண்டாய், பல்லை மட்டும் சொல்லாமலே விட்டேன்.

எங்கள் கல்யாணத்தில் எனக்கும் யாரும் சொல்லவில்லை. அவளுடைய பின்கழுத்தில், முடி மறைக்கிற இடத்தில், ஒரு தழும்பு இருந்தது. கேட்டேன். அடுப்பு வேலையில் பட்டது என்றாள். பின்கழுத்தில் அடுப்பு எப்படிப் படும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயது அப்படி. வேலூர்ப் பக்கத்து ஊரை விட்டு சுரங்க வேலைக்காக இங்கே மாரிகுப்பத்துக்கு வந்து, மூங்கில் தட்டி அடைத்த ஒற்றை அறையில் குடியேறினோம். அப்புறம் ஒரு பகல். எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. ஒரு சத்தம் வந்தது. அவள் குரல் இல்லை, யாருடைய குரலும் இல்லை. விழுந்தாள். உடம்பு கட்டையாக விறைத்தது. பிறகு உதறியது. நான் வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஷன் பள்ளியில் படித்தவன். அந்த நேரத்தில் ஒரு வசனமும் வாயில் வரவில்லை.

தட்டி வீட்டில் எதையும் மறைக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஓடி வந்துவிட்டாள். அவளை உனக்குத் தெரியும், அப்போதும் அதே தொண்டைதான்.

"இன்னாய்யா மரம் மாதிரி நின்னுக்கினு கீற? இரும்பு குடு! கையில இரும்பு குடு!"

இழுப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று எல்லாரும் நம்புவது உனக்கும் தெரிந்திருக்கும். மற்ற ஊரில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது. பூட்டி வைக்க என்ன இருந்தது? மூலையில் ஒரு ஜம்பர் கிடந்தது. பாறையில் துளை போடுகிற இரும்புக் கோல், முனை மழுங்கிப்போனது, முழங்கை நீளம். அதை எடுத்து அவள் கையில் வைத்தேன். விரல்கள் பூட்டிக்கொண்டன. அடுத்த உதறல் வந்தது. கோல் அவள் வாயிலேயே போய் அடித்தது.

அதுதான் அந்தப் பல்.

கன்னியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அட தேவுடா, சாவின்னு நெனச்சினு சொன்னேன். கடப்பாரையத் தூக்கிக் குடுப்பியா?" பிறகு அவளே உன் அம்மாவின் தலையை மடியில் வைத்து வாயைத் துடைத்தாள். "உங்க ஏசுவும் எங்க மாரியும் ஒண்ணாச் சேந்து பாத்துக்கட்டும். இரும்பு மட்டும் இனிமே வேணாம் சாமி."

உன் அம்மா கண் திறந்தாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். அப்புறம் நான் நின்ற இடத்தைப் பார்த்தாள். வாயெல்லாம் ரத்தம். முதலில் கேட்டது இது.

"பயந்துட்டீங்களா?"

தழும்பு அடுப்பால் வந்ததில்லை என்று அன்று சாயங்காலம் சொன்னாள். சிறு பெண்ணாக இருக்கும்போது வலிப்புக்காக ஊரில் சூடு போட்டது. "மொதல்லயே சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் பதில். தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணன், உன் பெரிய மாமா, ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். பூதிகோட்டையில் சூடு போடுகிற ஆள் ஒருவர் இருக்கிறாராம். வாசலில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார்.

"மச்சான், போன தபா எடம் தப்பிப் போச்சி. அவ்ளோதான். உச்சந்தலையில ஒரே ஒரு சூடு. ஜென்மத்துக்கும் வராது."

உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "உன் உச்சந்தலையில மொதல்ல வெச்சிப் பாருண்ணா. உனக்குக் குடி நிக்குதான்னு பாத்துட்டு அப்பால நா வரேன்."

அவர் அன்றைக்கே வண்டி ஏறிவிட்டார். நான் சிரித்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், தாவீது, அவள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் போயிருப்பேன். இரண்டு பக்கமும் சரியென்றே பட்டது எனக்கு. பயந்தவனுக்கு யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதுதான் சரி. கன்னியம்மா ஒன்று சொல்வாள், சபையில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், கீழே என்னோடு மரம் தூக்குகிறவன் ஒன்று சொல்வான். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வருவேன். நோய் யாருக்கு வந்ததோ அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவளும் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எனக்கு முன்பிருந்தே, பாவாடை கட்டிய வயதிலிருந்தே, அதோடு வாழ்கிறாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் கேட்பார். காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் அதைத் தமிழாக்கி என்னிடம் கேட்பார். நான் பதில் சொல்வேன். அது திரும்ப இங்கிலீஷாகிப் போகும். அவளைப் பற்றிய பேச்சு மூன்று ஆண்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. விழுவதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி தெரியுமா என்று கேட்டார்கள். ஒன்றும் தெரியாது என்றேன். அவளுக்குத் தெரியும். வெல்லம் கருகுகிற மாதிரி ஒரு வாசனை வரும். ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "என்ன யாரு கேட்டாங்க?" என்றாள். டாக்டருக்கும் எனக்கும் நடுவில், கை எட்டுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

புரோமைடு மருந்து கொடுத்தார்கள். உப்புக் கரிக்கிற தண்ணீர். சீசாவில் ஒட்டிய காகிதப் பட்டையில் வேளைக்கு இவ்வளவு என்று வெட்டுக் குறி இருக்கும். மூன்று வேளை. வீட்டில் கடிகாரம் ஏது? ஷிஃப்ட் மாறும்போது மைன்ஸில் ஊதுகிற சங்குதான் எல்லாருக்கும் கடிகாரம். சங்கு ஊதினால் உலை வைப்பார்கள். சங்கு ஊதினால் பிள்ளையை எழுப்புவார்கள். சங்கு ஊதினால் மருந்து என்று நாங்களும் வைத்துக்கொண்டோம். ஊதிய உடனே அவள் கை அலமாரிக்குப் போய்விடும். குடிப்பாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். நீ பார்த்து வளர்ந்ததுதான்.

வலிப்பு குறைந்தது. எப்போதாவது வந்தால் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பேன், அளவைக் கூட்டித் தருவார்கள். மறுபடி வரும், மறுபடி போவேன். கடைசியில் சுத்தமாக நின்றது. கூடவே வேறு சிலதும் நின்றன. நீ அப்போது மிஷன் விடுதியில் இருந்தாய், பாதிதான் பார்த்திருப்பாய். முகமெல்லாம் பரு. நாக்கு தடித்த மாதிரிப் பேச்சு. குழம்புக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடி போடுவாள். கோயிலில் பாட்டின் முதல் அடியைப் பாடிவிட்டு மற்றவர்கள் வாயைப் பார்ப்பாள். உன் கடிதத்தை வாசித்தால், முடிவு வருவதற்குள் ஆரம்பம் அவளை விட்டுப் போய்விடும். அண்ணனை ஊருக்கு விரட்டினாளே, அந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. கீழே நிம்மதியாக வேலை செய்தேன்.

நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம், அம்மாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பயப்படும்படி ஒன்றுமில்லை என்று உனக்கு எழுதினேன். காய்ச்சல் இல்லை. நடந்ததை இப்போது சொல்கிறேன்.

பகல் ஷிஃப்ட். சுரங்கத்துக்குள் நாங்கள் வேலை செய்த லெவலுக்குப் பக்கத்தில் பாறை வெடித்தது. சத்தத்துக்கு முன்னால் காற்று வந்தது, விளக்கெல்லாம் அணைந்தது. எங்களுக்கு மேலே நான் கொடுத்திருந்த மரங்கள் நெரிபடுவது காதில் கேட்டது. உடையாமல் தாங்கி நின்றன. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் வராது என்று தெரிந்ததும் ஏணி வழியாக ஏறத் தொடங்கினோம். ஒருவன் காலை இன்னொருவன் கை தடவிக்கொண்டு. மேலே சங்கு ஊதியிருக்கிறது. இப்படி ஏதாவது நடந்தால் வேளை பார்க்காமல் ஊதுவார்கள், ஆட்களைக் கூப்பிட. ஊதி நிறுத்துவார்கள், மறுபடி ஊதுவார்கள், மறுபடி. நாங்கள் வெளிச்சத்துக்கு வருகிறவரைக்கும் அது விட்டு விட்டு ஊதிக்கொண்டிருந்ததாம்.

சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலில் கயிறு கட்டிப் பெண்களை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு தலையாக வெளியே வர, ஒவ்வொரு பெண்ணாக அழுதாள். நான் தேடினேன். உன் அம்மா இல்லை. கன்னியம்மா இருந்தாள்.

"அவ எங்க?" என்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போயி கூப்ட்டேனே. படுத்துக்கினு இருந்துச்சி. மருந்து மயக்கம், தூங்கட்டும், நல்ல சேதியோட எழுப்பலாம்னு உட்டுட்டு வந்துட்டேன்."

ஓடினேன். கீழே பாறை வெடித்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை. அவள் பாயில் கிடந்தாள். வாயோரம் வாந்தி. கூப்பிட்டேன், உலுக்கினேன். கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது, ரொம்ப மெதுவாக. அலமாரியில் சீசா காலி. புதுச் சீசா அது. பக்கத்தில் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நடக்கும்போது ஒரே நினைப்பு. நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக் குடித்துவிட்டாளா? இத்தனை வருஷமும் நான் அமைதி என்று நினைத்தது இதுதானா? அவள் கண் திறக்கிறவரைக்கும் அந்தக் கேள்வியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்காமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். பிறகு இந்த விஷயத்தில் அவளைக் கேட்காமல் இருந்தது போதும் என்று தோன்றியது. கேட்டேன்.

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சிருந்தா ஷாப்ட்டாண்ட ஓடி வந்திருக்க மாட்டேன்? மருந்து குடிச்சினு வூட்லயா படுத்திருப்பேன்?" வார்த்தை வார்த்தையாக இழுத்து இழுத்துச் சொன்னாள். "சங்கு ஊதிச்சி. குடிச்சேன். ஊதிச்சி. குடிச்சேன். இன்னிக்கி நாளு சீக்கிரம் போதேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை. முன்னால் குடித்தது அவளுக்கு நினைவில்லை. நினைவை எடுத்ததும் அதே மருந்துதான்.

மருந்தை நிறுத்தினார்கள். உடம்பிலிருந்து அது இறங்க இறங்க வலிப்பு திரும்பி வந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக. அந்த நாட்களை எழுத எனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் அடங்கிய பிறகு டாக்டர் கூப்பிட்டார். டிரெஸ்ஸர் என்னிடம் சொன்னார். பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கலாம். வலிப்பு அநேகமாக வராது. ஆனால் யாராவது கூடவே இருந்து கொடுக்க வேண்டும், இந்த மந்தமும் இருக்கும். இல்லையென்றால் அளவைக் குறைத்துக் கொடுக்கலாம். புத்தி தெளியும், ஆனால் அவ்வப்போது வலிப்பு வரும். முழுசாகக் குடிக்காமல் மட்டும் விடக்கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. எது வேண்டும்?

நான் வாயைத் திறந்துவிட்டேன். பழைய அளவு என்று சொல்லப்போனேன்.

"குடிக்கறவ நானு" என்றாள் உன் அம்மா. "என்னக் கேக்கச் சொல்லுங்க."

டிரெஸ்ஸர் சிரித்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் குறைந்த அளவைக் கேட்டாள். "வந்தா வரட்டும். மீதி நாளு நா நானா இருந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து நான் சண்டை போட்டேன். அடுப்பில் விழுந்தால்? தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால்? நான் கீழே இருக்கும்போது விழுந்தால்? ஒவ்வொன்றையும் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், "எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சீங்களா? விழுந்தாத் தூக்குங்க. அது போதும் எனக்கு" என்றாள். அன்றிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. அடுப்பைச் சுற்றி மண்ணால் உயரமாக அணை கட்டினேன். தண்ணீர் கன்னியம்மா மொண்டு தருகிறாள். மருந்தைச் சங்கிலிருந்து பிரித்தோம். காலைக் கஞ்சிக்குப் பிறகு ஒன்று, ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒன்று. சாப்பிட்டதை வயிறு மறக்காது என்று அவள்தான் சொன்னாள். வலிப்பு வருகிறது. ஒவ்வொரு தடவையும் நான் முதல் தடவை மாதிரியே பயப்படுகிறேன். பழகிவிடும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. ஆனால் பாட்டின் இரண்டாம் அடி திரும்பி வந்துவிட்டது. என்னைக் கேலி செய்கிறாள். உன் கடிதத்தில் நான் எந்த இடத்தில் நின்றேன் என்று கண்டுபிடிக்கிறாள்.

இப்போது நீ இரண்டு பங்கு கொடுக்கச் சொல்கிறாய், ஒரு நாளைக்குத்தானே என்கிறாய். எனக்கும் ஆசை வந்தது, தாவீது. அதையும் மறைக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் கஞ்சியில் கலந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு அலமாரிப் பக்கம் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு உள்ளே போனேன். நீ எழுதிய வரியை அப்படியே அவளுக்கு வாசித்தேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?"

தெரியாது போலிருக்கிறது என்றேன்.

"ரெண்டு பங்கு குடிச்சா சபைக்கு முன்னாடி வாயத் தொறந்து பாத்துக்கினு குந்தியிருப்பேன். மாப்ள அம்மாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லன்னு சொல்லுவாங்க. அது மட்டும் நல்லாருக்குமா?" பொறுக்கிய கல்லை வாசலில் எறிந்தாள். "அன்னிக்கி மறச்சிட்டீங்க, செரி. அப்பால அவ இங்க வந்து கொஞ்ச நாளு இருப்பா. நீங்க கீழ எறங்கிப் போயிருவீங்க. அவன் பெங்களூருக்கு அச்சாபீஸ் வேலைக்குப் போயிருவான். வூட்ல நானும் அவளுந்தான். அப்ப நா விழுந்தா?" என்னைப் பார்த்தாள். "நீங்களே மொத தபா வாசல்ல மரமா நின்னுட்டீங்க. அவ சின்னப் பொண்ணு. ஓடிருவா."

நான் எழுதிச் சொல்கிறேன், தாவீதையே அவர்களிடம் பேசச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க ரெண்டு ஆம்பளைங்க, அவுங்க அப்பா ஒரு ஆம்பள. மறுபடியும் அதே கதையா?" என்றாள். "நா போயி சொல்றேன். அந்தப் பொண்ணு கிட்ட நானே சொல்றேன். எப்டி வரும், இன்னா பண்ணணும், எல்லாம். கேட்டுட்டு வேணாம்னா, வேணாம்னு சொல்லட்டும். யோசிச்சி சொல்ல உங்களுக்குக் கெடைக்காத வாய்தா அவளுக்காவது கெடைக்கட்டும்."

ரயிலில் வரும்போது வந்துவிட்டால் என்றேன். பவுரிங்பேட்டையில் வண்டி மாற வேண்டும், அங்கே பிளாட்பாரத்தில் வந்துவிட்டால் என்றேன். எஸ்தருக்கு முன்னாலேயே வந்துவிட்டால் என்றேன்.

"வந்தா சொல்ற வேலை மிச்சம்" என்றாள்.

ஆகவே வருகிற சனிக்கிழமை இருவரும் வருகிறோம். எஸ்தரைப் பார்க்க அம்மா ஆசைப்படுகிறாள் என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல். மீதியை அம்மா பேசுவாள். நீ குறுக்கே பேசாதே. அவள் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் எடுத்துக் கொடுக்காதே. அவளே கண்டுபிடிப்பாள். பேச்சு முடிந்து வாத்தியார் வீட்டில் கதவைச் சாத்தினால், சாத்தட்டும். உனக்கு அந்தப் பெண் மேல் எவ்வளவு ஆசை என்று உன் கடிதத்தின் மற்ற வரிகளில் பார்த்தேன். அவற்றையெல்லாம் நிறுத்தாமல்தான் வாசித்தேன். உன் அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒருக்களித்துப் படுக்க வை. தலைக்குக் கீழே உன் மேல்துண்டை மடித்து வை. பக்கத்தில் இடிக்கிற சாமான் இருந்தால் நகர்த்து. கையில் எதையும் கொடுக்காதே, வாயில் எதையும் வைக்காதே. அமுக்கிப் பிடிக்காதே. யாராவது இரும்பு என்று கத்தினால் அவர்களை வெளியே அனுப்பு. கண் திறக்கும்போது அவள் உன் முகத்தைத் தேடுவாள். வாசலில் நிற்காதே. கிட்டே இரு. பயந்துவிட்டாயா என்று கேட்பாள். ஆமாம் என்று சொல். அவளிடம் பொய் நிற்காது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதுகிறது. ஷிஃப்ட் மாறுகிறது. உன் அம்மாவின் கை முறத்தை விட்டு எழுந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அது எழுகிறது. நான் பேனாவை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவளே கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அரிசிக்குப் போய்விட்டாள்.

பயத்தோடுதான் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்து நில்.

அப்பா